டிஸ்க் நிரம்பினால் டிக்கெட் யாருக்கு? ஜாபிக்ஸ் – ஜி.எல்.பி.ஐ. இணைப்பு: ஒரு விமர்சனம்

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சர்வர், ஸ்டோரேஜ், பேக்கப் மூன்றும் என் பொறுப்பு. உதவிக்கு ஒரு பையன் இருக்கிறான். இரவு ஷிஃப்டுக்கு ஹெல்ப்டெஸ்க்கில் யாராவது ஒருவர் மாறி மாறி உட்காருவார். அவ்வளவுதான் ஆள். பெரிய வங்கிகளும் ஐ.டி. கம்பெனிகளும் சர்வீஸ்நவ் என்ற கட்டண மென்பொருளை வாங்கி, ஸ்டோரேஜ் கம்பெனிக்காரர்களே எழுதிக் கொடுக்கும் கனெக்டரை அதில் மாட்டிக்கொள்கிறார்கள். எங்கள் பட்ஜெட்டுக்கு அதெல்லாம் கோட்டேஷன் வாங்கிப் பார்ப்பதோடு சரி. அதனால் கண்காணிப்புக்கு ஜாபிக்ஸ், டிக்கெட்டுக்கு (யார் சரி செய்ய வேண்டும் என்று எண் போட்டுப் பதியும் புகார்) ஜி.எல்.பி.ஐ. என்று இரண்டு இலவச மென்பொருள்களைக் கோத்து ஓட்டுகிறோம். ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. "மேடம், இது வேலைக்கு ஆகுமா?" என்று வேறு மருத்துவமனைகளில் இருக்கும் நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

ஆகும். ஆனால் மென்பொருளை நிறுவுவது இதில் கால்வாசி வேலைகூட இல்லை.

இரண்டுமே பழம் தின்று கொட்டை போட்டவை. ஜாபிக்ஸை அலெக்ஸி விளாதிஷெவ் 1998-இல் தொடங்கினார். 2001-இல் வெளியே விட்டார். லாட்வியாவின் ரீகாவில் இருக்கிறது கம்பெனி. ஜி.எல்.பி.ஐ. பிரான்சுக்காரர்களுடையது, 2003-இலிருந்து இருக்கிறது. நாளைக்கே கடையைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் இல்லை. இரண்டுக்கும் லைசென்ஸ் கட்டணம் கிடையாது. 2024-இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து ஜாபிக்ஸின் உரிமம் ஏ.ஜி.பி.எல். என்ற திறந்த மூல உரிமமாகிவிட்டது. எங்களைப் போல உள்ளுக்குள் பயன்படுத்துகிறவர்களுக்கு அதனால் ஒரு வித்தியாசமும் இல்லை.

முன்பு என்ன செய்துகொண்டிருந்தோம் என்றால், எல்லா இடத்திலும் செய்வதைத்தான். ஸ்டோரேஜ் பெட்டி ஒரு பொது மெயிலுக்கு எச்சரிக்கை அனுப்பும். 80 சதவீதம் ஆயிற்று என்று ஒன்று, 85 என்று ஒன்று, தினமும் காலையில் அதையே மறுபடியும் ஒன்று. மெயில் பெட்டியில் அதற்கென்று தனி ஃபோல்டர் போட்டு, ரூல் எழுதி, அதற்குள் தள்ளிவிடுவோம். அதாவது படிக்காமல் இருப்பதற்கு ஒரு ஏற்பாடு. மெயிலை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2017 ஜனவரி 31-இல் கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் நடந்ததைப் பார்த்தாலே போதும். களைத்துப் போன பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் டைரக்டரியை அழித்துவிட்டார். சரி, பேக்கப்பிலிருந்து எடுக்கலாம் என்று போனால், பேக்கப் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. அது தோற்றதைச் சொல்லும் மெயில்கள் டிமார்க் என்ற மெயில் சரிபார்ப்பில் சிக்கி நிராகரிக்கப்பட்டு யாருக்குமே போய்ச் சேரவில்லை. சுமார் 6 மணி நேரத்து டேட்டா போயே போயிற்று. அவர்களே அதை ஒளிக்காமல் விரிவாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதனால் நாங்கள் முதலில் கட்டியது பேக்கப்புக்கான டிக்கெட்தான். ஜாபிக்ஸில் ‘நோடேட்டா’ என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. குறிப்பிட்ட நேரத்துக்குள் தகவல் வராவிட்டால் மணி அடிக்கும். பேக்கப் வெற்றிகரமாக முடிந்ததும் கடைசி வரியில் ‘முடிந்தது’ என்று ஜாபிக்ஸுக்குச் சொல்லும்படி வைத்தோம். 26 மணி நேரம் அந்தச் சொல் வராவிட்டால் டிக்கெட் திறந்துகொள்ளும். ஸ்கிரிப்ட் தோற்றாலும் சரி, சர்வரே அணைந்து கிடந்தாலும் சரி, யாரோ ஷெட்யூலை ஓடாமல் நிறுத்தி வைத்திருந்தாலும் சரி, மெளனம் எல்லாம் டிக்கெட்டாகிவிடும். இந்த ஒரு வசதிக்காகவே முழு மதிப்பெண் கொடுப்பேன்.

இடம் நிரம்புவது அடுத்த விஷயம். சதவீதக் கணக்கு எனக்குப் பிடிக்காது. லினக்ஸுக்கு ஜாபிக்ஸோடு வரும் டெம்ப்ளேட்டில் 80-க்கு எச்சரிக்கை, 90-க்கு அபாயம் என்றுதான் இருக்கிறது. 60 டி.பி. (டெராபைட்) வால்யூமில், அதாவது ஸ்டோரேஜில் பிரித்து ஒதுக்கிய ஒரு பங்கில், மிச்சம் 20 சதவீதம் என்றால் 12 டி.பி.; அது எங்களுக்கு வருடக்கணக்கில் வரும். 2 டி.பி. வால்யூமில் அதே 20 சதவீதம் ஒரு வாரக் கடைசியில் தீர்ந்துவிடும். இரண்டுக்கும் ஒரே மாதிரி டிக்கெட் திறந்தால் இரண்டையும் யாரும் பார்க்க மாட்டார்கள். இதற்கு ஜாபிக்ஸில் ‘டைம்லெஃப்ட்’ என்ற ஃபங்ஷன் இருக்கிறது. போன சில நாள்களின் அளவீட்டை எடுத்து ஒரு கோடு போட்டு, இதே வேகத்தில் போனால் எத்தனை நேரத்தில் எல்லையைத் தொடும் என்று சொல்லும். நேர்கோடு வேண்டாமென்றால் வளைகோடும் போடலாம். நேர்கோடே எங்களுக்குப் போதுமாக இருக்கிறது.

எல்லையை எத்தனை நாளில் வைப்பது என்பதை டிஸ்க்கைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பர்ச்சேஸ் டிபார்ட்மெண்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். எங்களிடம் மூன்று கோட்டேஷன், கமிட்டி, ஒப்புதல், பர்ச்சேஸ் ஆர்டர், டெலிவரி எல்லாம் சேர்ந்து மூன்று மாதம் பிடிக்கும். ஆகவே 90 நாள். அதற்கு முன்னால் டிக்கெட் வந்தால் அவசரமில்லை என்று ஓரம் கட்டிவிடுவார்கள். பின்னால் வந்தால் நான்தான் ஓட வேண்டும்.

முயல்பவர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு சங்கதி. ஒன்று, டைம்லெஃப்ட் ஹிஸ்டரியைத்தான் (அளவீடுகளை அப்படியே வைத்திருப்பது) படிக்கும், சுருக்கி வைத்த டிரெண்டை அல்ல. 30 நாள் கோடு வேண்டுமென்றால் ஹிஸ்டரியையும் அத்தனை நாள் வைத்திருக்க வேண்டும். இரண்டு, கணக்குப் போட முடியாதபோது அது -1 என்று பதில் சொல்லும். ‘90 நாளுக்குக் குறைவு’ என்று மட்டும் எழுதி வைத்தால் -1-உம் குறைவுதானே? புதிதாக ஒரு வால்யூம் சேர்த்த அன்றே ‘நிரம்பப் போகிறது’ என்று டிக்கெட் வந்து நிற்கும். பூஜ்யத்துக்குக் குறையாமல் என்று இன்னொரு நிபந்தனையும் சேர்த்துவிடுங்கள்.

இது எப்படி உதவியது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் பேக்ஸ் வால்யூமுக்கு ஒரு நாள் டிக்கெட் வந்தது. வால்யூமில் பாதிக்குப் பக்கம் காலி! சதவீதக் கணக்கில் அது பச்சை. டிக்கெட்டின் தலைப்பு ‘பேக்ஸ் ஆர்க்கைவ்: இதே வேகத்தில் 90 நாளுக்குள் நிரம்பும்’. உள்ளே மொத்த இடம், மிச்ச இடம், ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து நிலையை அப்படியே காத்து வைக்கும் நகல்) பிடித்து வைத்திருப்பது, கிராஃபுக்கு லிங்க், கடைசியில் ‘உரிமையாளர்: ரேடியாலஜி’. கிராஃபைத் திறந்தால் ஒரு செவ்வாய்க்கிழமையிலிருந்து கோடு நிமிர்ந்து ஏறுகிறது. வைரஸோ, ஏதாவது புரோகிராம் சுழன்றுகொண்டிருக்கிறதோ என்று பையன் பதறினான். டிக்கெட் ரேடியாலஜி பெயரில் போயிருந்ததால் அங்கிருந்தே டெக்னீஷியன் போன் செய்தார்.

"மேடம், சி.டி.யில இப்ப மெல்லிசா வெட்டி அனுப்பறோம். டாக்டர்தான் கேட்டாரு."

"எவ்ளோ மெல்லிசு தம்பி?"

"முன்னாடி அஞ்சு மில்லி. இப்ப பாயிண்ட் சிக்ஸ் டூ ஃபைவ்."

எட்டு மடங்கு. நெஞ்சுப் பகுதியை 5 மி.மீ. அடுக்காக அனுப்பினால் அறுபது எழுபது படம், 0.625 என்றால் ஐந்நூறு. மருத்துவக் காரணம் நியாயமானது, அதில் நான் தலையிட முடியாது. மெல்லிய படங்களை ஆறு மாதம் மட்டும் வைத்திருப்பது, தடித்தவற்றை வழக்கம் போல வைத்திருப்பது என்று டாக்டரோடு பேசி முடிவானது. மெயிலாக வந்திருந்தால் அந்த ஃபோல்டருக்குள் போயிருக்கும். இதைவிட முக்கியமானது என்னவென்றால், அது எனக்கு மட்டும் வந்திருக்கும். நானும் பையனும் பழைய ஃபைல்களைத் தேடித் தேடி அழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அதனால்தான் சொல்கிறேன், இந்த இணைப்பின் உயிர், மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழிகளான வெப்ஹுக்கிலோ ஏ.பி.ஐ.யிலோ இல்லை, டிக்கெட்டில் வரும் ‘உரிமையாளர்’ என்ற ஒரு வரியில் இருக்கிறது. அந்த வரியை எந்த மென்பொருளும் தானாக நிரப்பித் தராது. ஜி.எல்.பி.ஐ.யில் ஒவ்வொரு வால்யூமையும் ஒரு உடைமையாகப் பதிந்து, எந்தத் துறையுடையது, யார் ஒப்புதல் கொடுக்க வேண்டும், எந்தச் சர்வர் அதைப் பயன்படுத்துகிறது என்று எழுத வேண்டும். ஜாபிக்ஸிலும் அதே பெயரை டேகாகப் போட வேண்டும். டைப் அடிக்கிற நேரம் கொஞ்சம்தான். யாருடையது என்று கண்டுபிடிப்பதில்தான் மாதங்கள் போகும்.

எங்களிடம் ‘டெம்ப்_நியூ’ என்று ஒரு வால்யூம் இருந்தது. டெம்ப் என்றால் தற்காலிகம். அது ஆறு வருடமாக இருக்கிறது. அக்கவுண்ட்ஸில் கேட்டால் "அது ஃபார்மசியோடது." ஃபார்மசியில் கேட்டால் "பழைய சாஃப்ட்வேர் காலத்துது, எங்களுக்குத் தெரியாது." அழித்துவிடவா என்றால் இருவரும் ஒரே குரலில் "ஐயையோ, வேண்டாம்." பெயர் மாற்றாத பட்டா மாதிரி, யாரும் வரி கட்ட மாட்டார்கள், விற்கவும் விட மாட்டார்கள். கடைசியில் நிர்வாக அதிகாரியிடம் பட்டியலைக் கொடுத்து, உரிமையாளர் இல்லாத வால்யூமுக்குப் புதிய இடம் ஒதுக்கப்படாது என்று ஒரு சர்க்குலர் வாங்கினேன். அதற்கப்புறம்தான் பெயர்கள் வர ஆரம்பித்தன. லாக் (சர்வர்கள் எழுதும் நிகழ்வுப் பதிவு) வால்யூமுக்கு மட்டும் யாரும் முன்வரவில்லை. 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி செர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) போட்ட உத்தரவுப்படி லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதால், வளர்ந்துகொண்டே போகும் அந்த வால்யூம் என் பெயரிலேயே இருக்கிறது.

இனி குறைகள்.

ஜாபிக்ஸோடு ஜி.எல்.பி.ஐ.க்கான வெப்ஹுக் தயாராகவே வருகிறது. சென்னை ஜோஹோவின் சர்வீஸ்டெஸ்க் பிளஸுக்கும் வருகிறது, ஜிராவுக்கும் சர்வீஸ்நவ்வுக்கும் வருகிறது. டோக்கன் (கடவுச்சொல் மாதிரியான சாவி) இரண்டைப் போட்டு, முகவரியைக் கொடுத்தால் அன்றைக்கே ஓடும். ஆனால் அது ஜி.எல்.பி.ஐ.யில் திறப்பது டிக்கெட் அல்ல, ‘பிராப்ளம்’. ஐ.டி.ஐ.எல். (ஐ.டி. சேவையை நடத்தும் முறைகளின் தொகுப்பு) படித்தவர்களுக்கு இது உறுத்தும். வேலை தடைபட்டால் அது இன்சிடென்ட். அதை உடனே சரி செய்ய வேண்டும். அது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று தோண்டுவது பிராப்ளம். ஒரு டிஸ்க் போனது இன்சிடென்ட். ஒரே மாடல் டிஸ்க் வரிசையாகப் போவது பிராப்ளம். எல்லாம் பிராப்ளமாகவே வந்து விழுந்தால் ஹெல்ப்டெஸ்க் ஆளின் பட்டியலில் அது தெரியவே தெரியாது. எஸ்.எல்.ஏ. கடிகாரமும் (எத்தனை நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடு) டிக்கெட்டில்தான் ஓடும். வெப்ஹுக்கின் ஜாவாஸ்கிரிப்டைத் திறந்து சில வரிகள் மாற்றினால் டிக்கெட்டாகத் திறக்க வைக்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்திருக்கிறோம். அசலைத் தொடாமல் நகலெடுத்து வேறு பெயரில் மாற்றுங்கள். பின்னால் புதிய பதிப்பை இறக்கும்போது உங்கள் திருத்தம் அழியாமல் இருக்கும்.

அடுத்தது, இது ஒருவழிப் பாதை. ஜாபிக்ஸிலிருந்து செய்தி போகும், ஜி.எல்.பி.ஐ.யில் டிக்கெட்டை மூடினால் அது ஜாபிக்ஸுக்குத் தெரியாது. ஆரம்பத்தில் இது தொல்லை என்று நினைத்தேன், இப்போது நல்லது என்கிறேன். இரவு ஷிஃப்ட் பையன் பழைய ஃபைல்களை அழித்துவிட்டு ‘முடிந்தது’ என்று டிக்கெட்டை மூடிவிடுவான். ஆனால் ஸ்னாப்ஷாட் அந்த ஃபைல்களைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை ஒரு எம்.பி.கூடத் திரும்பி வராது. நம் கண்ணுக்கு ஃபைல் போய்விட்டது. பெட்டிக்குள் அப்படியே இருக்கிறது. அளவீடு இறங்கும்வரை ஜாபிக்ஸ் தன் பக்கத்தில் சிவப்பாகவே வைத்திருக்கும். எங்கள் விதி இப்போது எளிது: இடம் சம்பந்தமான டிக்கெட்டை மனிதர் மூடக் கூடாது, ஜாபிக்ஸ் ‘சரியாகிவிட்டது’ என்று குறிப்பு போட்ட பிறகுதான் மூட வேண்டும்.

டிக்கெட் வெள்ளமும் வரும். ஸ்டோரேஜ் ஸ்விட்ச் ஒன்று படுத்தால் அதன் பின்னால் இருக்கிற அத்தனை சர்வரும் ஆளுக்கு ஒரு டிக்கெட் திறக்கும். ஜாபிக்ஸில் டிரிகர்களுக்குள் (எச்சரிக்கை எழுப்பும் விதிகள்) ‘டிபென்டென்சி’ கொடுக்கலாம். ஸ்விட்ச் படுத்திருக்கும்போது மற்றவை வாய் திறக்காது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும், குறுக்கு வழியில்லை.

இன்னொரு குறை இரண்டு மென்பொருளுடையதும் அல்ல. எங்களிடம் இருக்கும் ஒரு ஸ்டோரேஜ் பெட்டி, அதன் உள்விவரங்களை ஏ.பி.ஐ. வழியாகப் படிக்கத் தனி லைசென்ஸ் கேட்கிறது. விற்கும்போது "எல்லாம் இன்டகிரேட் ஆகும் சார், டோன்ட் ஒர்ரி" என்று நிர்வாக அதிகாரியிடம் சொன்ன விற்பனையாளர், இப்போது போனை எடுப்பதில்லை. பெயர் வேண்டாம். எஸ்.என்.எம்.பி. என்ற பொதுவான கண்காணிப்பு முறை வழியாகக் கிடைப்பதை வைத்து ஒப்பேற்றுகிறோம்: டிஸ்க் நிலை, கன்ட்ரோலர் நிலை, மொத்த இடம் வருகிறது, வால்யூம்வாரி விவரம் வருவதில்லை. அடுத்த டெண்டரில் ‘ஏ.பி.ஐ. அணுகல் விலையில் அடங்கும்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். நீங்களும் சேர்த்துவிடுங்கள்.

சேஞ்ச் மேனேஜ்மெண்ட், அதாவது எதை மாற்றுவதற்கு முன்னாலும் ஒப்புதல் வாங்கும் பகுதிதான் எங்கள் ஊரில் எல்லோருக்கும் கசப்பு. "ஒரு ஸ்கிரிப்டை மாத்தறதுக்கு ஒப்புதலா மேடம்?" என்று பையனே கேட்டான். கியோட்டோ பல்கலைக்கழகத்தைக் காட்டினேன். 2021 டிசம்பர் 14 முதல் 16-க்குள் அங்கே சூப்பர்கம்ப்யூட்டர் ஸ்டோரேஜிலிருந்து 77 டி.பி. காணாமல் போயிற்று, சுமார் 3.4 கோடி ஃபைல்கள், 14 ஆய்வுக் குழுக்கள். காரணம், பழைய லாகுகளை அழிக்கும் பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் புதிய பதிப்பை எழுதிவிட்டார்கள். அதை ஓட்டும் பாஷ் ஷெல், ஸ்கிரிப்டை மொத்தமாகப் படித்து வைத்துக்கொள்வதில்லை, ஓட ஓடப் படிக்கும். நடுவழியில் ஃபைல் மாறியதும் மதிப்பில்லாத வேரியபிளோடு அழிக்கும் கட்டளை ஓடி, லாகுக்குப் பதில் உண்மையான டேட்டாவைத் தின்றுவிட்டது. மாற்றம் செய்தது பல்கலைக்கழகம் அல்ல, பெட்டியைக் கொடுத்த கம்பெனியே. பொறுப்பையும் அவர்களே ஏற்றார்கள். இப்போது எங்களிடம் வெண்டர் ஆள் வந்து கீபோர்டில் கை வைப்பதற்கு முன் ஜி.எல்.பி.ஐ.யில் ஒரு சேஞ்ச் எண் வேண்டும். அந்தச் சேஞ்ச் ஒப்புதலானதும், நாங்கள் எழுதிய சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்று ஜாபிக்ஸில் அந்த நேரத்துக்கு மெயின்டெனன்ஸ் போட்டுவிடும். வீண் டிக்கெட்டுகள் வராது. ஆனால் இடம் ஒதுக்குவதையே முழுக்கத் தானியங்கியாக்குங்கள் என்று ஆலோசனை சொல்கிறார்கள் சிலர். மாட்டேன். கேட்டதும் கிடைத்தால் யாரும் அழிக்க மாட்டார்கள்.

உடைமைப் பட்டியலின் அருமை புரிய வேண்டுமென்றால் எஸ்.எஸ்.டி. டிஸ்க்குகளின் ஃபர்ம்வேர் (டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) விவகாரத்தைப் பாருங்கள். 2019 நவம்பரில் ஹெச்.பி.இ. கம்பெனி ஒரு அறிவிப்பு விட்டது: சில எஸ்.ஏ.எஸ். எஸ்.எஸ்.டி.கள் 32,768 மணி நேரம் ஓடியதும், அதாவது 3 வருடம் 270 நாள் 8 மணி நேரத்தில், மொத்தமாகச் செத்துவிடும், ஃபர்ம்வேரை மாற்றுங்கள். ஒரே நாளில் பொருத்திய டிஸ்க்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் போனால், பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் ரெய்டு என்ன செய்யும்? அது ஒன்றிரண்டு டிஸ்க் போவதைத் தாங்கத்தான். இப்படி ஒரு அறிவிப்பு வரும்போது, எந்தப் பெட்டியில் எந்த மாடல், எந்த ஃபர்ம்வேர் என்று ஜி.எல்.பி.ஐ.யில் தேடினால் பட்டியல் வர வேண்டும். இல்லையென்றால் டார்ச் அடித்து லேபிள் படிக்க வேண்டியதுதான். எங்கள் பட்டியலில் மாடலும் ஃபர்ம்வேரும் ஏறிவிட்டன. டேப் லைப்ரரி மட்டும் பாக்கி.

செலவு? மென்பொருளுக்கு ஒன்றுமில்லை. இரண்டையும் தனித்தனி விர்ச்சுவல் மெஷினில் வைத்திருக்கிறோம். ஜாபிக்ஸின் டேட்டாபேஸை எந்த ஸ்டோரேஜைக் கண்காணிக்கிறதோ அதிலேயே வைக்காதீர்கள். அந்தப் பெட்டி படுத்தால் சொல்வதற்கு ஆள் இருக்காது. எங்களுடையது சர்வரின் உள் டிஸ்க்கில் இருக்கிறது. உண்மையான செலவு ஆள் நேரம். லினக்ஸும் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்டும் தெரிந்த ஒருவர் உள்ளேயே இல்லையென்றால் இந்தப் பக்கம் வராமல், ஆதரவோடு விற்கும் ஏதாவது ஒன்றை வாங்குவது மேல். நூறு இருநூறு வால்யூம், ஒன்றிரண்டு பெட்டி, ஒரு ஹெல்ப்டெஸ்க் என்று இருக்கும் மருத்துவமனை, கல்லூரி, மில்லுக்கு இது தாராளம்.

தொடங்குகிறவர்கள் எல்லா அலர்ட்டையும் முதல் நாளே டிக்கெட்டாக்க வேண்டாம். பேக்கப் வரவில்லை, டிஸ்க் போயிற்று, 90 நாளில் நிரம்பும் – இந்த மூன்றை மட்டும் இணைத்துவிட்டு, மற்றதை டேஷ்போர்டிலேயே விடுங்கள். வெப்ஹுக்குக்கு ஜி.எல்.பி.ஐ.யில் தனி யூசர் உருவாக்குங்கள். உங்கள் சொந்த அக்கவுண்டின் டோக்கனைப் போட்டால் எல்லா டிக்கெட்டும் நீங்களே திறந்த மாதிரி காட்டும்; மாதக் கடைசி ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "என்ன மேடம், இந்த மாசம் நீங்களே முந்நூறு கம்ப்ளெய்ண்ட் குடுத்திருக்கீங்க?" என்று நிர்வாக அதிகாரி கேட்பார்.